பதில் சொன்ன பிள்ளைக்கு மார்க் எங்கே?

போன வாரம் ஈரோட்டில் நடந்த ஆங்கில விவாதப் போட்டியில், எதிரணிக்குப் பதில் சொன்ன எங்கள் மாணவியை விட்டுவிட்டு, கட்டுரை ஒப்பித்த அணிக்குப் பரிசு கொடுத்தது சரியா என்று நான் போட்ட நாலு வரிக்கு இத்தனை பேர் கோபப்படுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

விவாதம் என்றால் எதிரில் இருப்பவர் சொன்னதற்குப் பதில் சொல்வது. மனப்பாடம் செய்த கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கப் பேச்சுப்போட்டி என்று தனியாக ஒன்று இருக்கிறது.

தலைப்பு, பள்ளிக்குள் கைப்பேசியை அனுமதிக்கலாமா. எதிரணிப் பையன் ஒருவன் நன்றாகப் பேசினான், நான் மறுக்கவில்லை. இன்று எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது என்றான். கோபிசெட்டிபாளையம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் எங்கள் பிள்ளை எழுந்தாள். "தே ஸே எவ்ரி ஹவுஸ் ஹேவ் போன். பட் இன் மை ஹவுஸ் ஒன்லி ஒன் போன். பிகாஸ் மை ஃபாதர் டேக் இட் டு மில். தேர்ஃபோர் ஹோம்வொர்க் இன் போன் இஸ் நாட் ஃபேர்." பிழைகள் இருக்கின்றன, எனக்கும் தெரியும். ஆனால் அன்று மேடையேறியவர்களில் எதிரணி சொன்னதைக் காதில் வாங்கிப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். எதிரணியில் அடுத்து வந்த பையன் அவள் பேசியதே கேட்காத மாதிரி தன் கட்டுரையின் அடுத்த பத்திக்குப் போய்விட்டான். பரிசு அந்த அணிக்கு. இவளுக்கு நடுவர் மைக்கிலேயே சொன்னது: முதலில் இங்கிலீஷை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வா.

தே ஸே, பட், பிகாஸ், தேர்ஃபோர். அந்த நாலையும் பழக்க நாங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை வகுப்பில் முதலில் தமிழில்தான் ஆரம்பித்தோம். தலைப்பு, கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா. 2,07,000 ஏக்கர் பாசன வாய்க்கால். கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை, கசிவை அடையுங்கள் என்பது ஒரு கட்சி. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது என்பது இன்னொரு கட்சி. வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த சண்டை, அதனால் கருத்துக்கு யாரும் திணறவில்லை. அப்புறம் அதையே ஆங்கிலத்தில். ஐ அக்ரி, பட்... கேன் யூ கிவ் அன் எக்சாம்பிள்... எல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லலாம். பேசி முடித்ததும் கட்சி மாற வேண்டும். கிணற்றுப் பாசனக்காரர் மகன் கடைமடைக்காக வாதாடினான். பதில் சொல்லப் பழகுவது இப்படித்தான்.

இலக்கணம் வேண்டாமா என்கிறீர்கள். வேண்டும். பேசப் பேசத்தான் அது திருந்தும்.

உச்சரிப்புக்கு மார்க் கிடையாதா என்கிறீர்கள். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் 100க்கு உள்ளடக்கம் 40, நடை, அதாவது பேசும் விதம் 40, உத்தி 20. எதிரணிக்குச் சொல்லும் பதிலின் தரம் உள்ளடக்கத்தில் சேரும். எதற்குப் பதில் சொல்வது என்று தேர்ந்தெடுப்பது உத்தியில் சேரும். புரிகிற வரைக்கும் உச்சரிப்புச் சாயலை வைத்து அங்கே யாரையும் மட்டம் தட்டுவதில்லை. பல்கலைக்கழக அளவிலான உலகப் போட்டியில் ஆங்கிலம் இரண்டாம் மொழியான அணிகளுக்குத் தனி இறுதிச் சுற்றே உண்டு. அந்தப் போட்டி 2014இல் நம் சென்னையில்தான் நடந்தது. ஈரோட்டு நடுவருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

உங்கள் பிள்ளை தோற்றதால் புலம்புகிறீர்கள் என்கிறீர்கள். ஆமாம், வலிக்கிறது. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கோவையில் கல்லூரிக்குப் போனவள் நான். வகுப்பில் பருத்தி விலை பற்றி ஒருத்தி தப்பும் தவறுமாகப் பேசினாள். எங்கள் காட்டில் பருத்தி போட்டு நட்டப்பட்ட கணக்கு முழுக்க என் மனதில் இருந்தது. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன். மூன்று வருடமும் அப்படியே போனது. கிளாஸில் வாயே திறக்காத பிள்ளை என்று நல்ல பெயர் வேறு.

நம் பக்கம் பெண் பிள்ளை பதில் பேசினாலே வாயாடி. வீட்டில் பேசாதே கண்ணு, பள்ளியில் கையைக் கட்டு. அதையெல்லாம் தாண்டி ஒருத்தி மைக்கைப் பிடித்துப் பதில் சொன்னால், அங்கேயும் வாயை அடைக்கிறீர்கள். மறுநாள் அவள் அப்பா போன் செய்தார். "ஏனுங்க டீச்சர், இங்கிலீஷ் வரலைன்னு மைக்குலயே சொல்லிப்போட்டாங்களாமா? இனி இதுக்கெல்லாம் அனுப்போணுமுங்களா?" அனுப்புங்கண்ணா என்றேன். அரை மணி நேரம் பேசியும் அவர் சரி என்று சொல்லவில்லை.

நடத்தியவர்களுக்கு: அடுத்த போட்டிக்கு முன்பே மார்க் தாளைக் கொடுங்கள். எதிரணிக்குச் சொல்லும் பதிலுக்கு எத்தனை மார்க் என்று அதில் இருக்கட்டும். அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால் அழைப்பிதழில் பேச்சுப்போட்டி என்றே அச்சடியுங்கள். எங்கள் பிள்ளைகளை எதற்குத் தயார் செய்வது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.