பார்த்ததற்கும் செய்வதற்கும் நடுவே

போன மாதம் ஒரு ராத்திரி, நாமக்கல்லிலிருந்து காலி லாரி ஒன்று கரூர் வரைக்கும் போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றது. அதை அனுப்பியது நான் எழுதிய ஏஜென்ட், அதாவது தானே பார்த்து, முடிவெடுத்து, வேலையைச் செய்யும் மென்பொருள். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வேலை இதுதான். ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு லோடு புக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். மில்லிலிருந்து ஆர்டர் வரும். எந்த வண்டி காலியாக இருக்கிறது, எந்த டிரைவர் தூங்கி எழுந்திருக்கிறார், திரும்பி வரும்போது வேறு லோடு கிடைக்குமா என்றெல்லாம் பார்த்து வண்டியை ஒதுக்க வேண்டும். டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போக வேண்டும். லோடு ஏறியதும், சரக்கோடு போக வேண்டிய அரசு ஆன்லைன் சீட்டான இ-வே பில்லில் வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். சாட்ஜிபிடி மாதிரியான ஒரு மொழி மாடலை நடுவில் வைத்து, அது கூப்பிட்டால் ஒவ்வொரு வேலையைச் செய்யும் சிறு நிரல்களாக ஏழெட்டு டூல்களை அதன் கையில் கொடுத்து, இதையெல்லாம் தானாகச் செய்யும்படி எழுதியிருந்தோம். இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது.

அன்று இரவு எட்டு மணிக்கு ஏஜென்ட் ஆர்டரைப் படித்தது. 'உறுதி' என்று இருந்தது. திட்டம் போட்டது. முதலில் எடுத்த வண்டிக்கு டயர் வேலை பாக்கி. வேறு வண்டி தேடியது. அந்த டிரைவர் பதில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மில்லிலிருந்து போன் செய்து லோடை மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள். புக்கிங் ஆபீசில் இருந்தவர் அதை உடனே சிஸ்டத்தில் மாற்றியும் விட்டார். ஆக, சரியான தகவல் ஏஜென்ட் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மணிக்குப் படித்த 'உறுதி' அதன் நினைவில் அப்படியே இருக்க, டிரைவர் சரி என்றதும் 'கிளம்பலாம்' என்று அனுப்பிவிட்டது.

பதினொன்றரைக்கு டிரைவர் எனக்குப் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அண்ணே, கிளம்புறப்ப மில்லுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா போதுமே" என்றார்.

மறுநாள் முழுக்க, ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகியிருக்கும் லாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படியிலும் மாடல் எழுதிய காரணம் தெளிவாக இருந்தது. எந்தப் படியிலும் தப்பாக யோசிக்கவில்லை. எட்டு மணி உலகத்தை வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்குச் சரியாக யோசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அடுத்த மாடல் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும்" என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. எவ்வளவு பெரிய மாடலாக இருந்தாலும், நாம் காட்டியதைத்தான் அது பார்க்கும். எப்போது காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது அதைச் சுற்றி நாம் எழுதும் நிரல். இந்தக் கேள்வி புதிதும் இல்லை. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்னாலேயே இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்காமலேயே நாம் எல்லோரும் ஏஜென்ட் எழுதக் கிளம்பிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

1987-ல் மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவப் பேராசிரியர் மனிதர்களின் தீர்மானங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் கேள்வி எளிமையானது. ஒரு காரியத்தைச் செய்வதாகத் தீர்மானித்த பிறகு, ஒவ்வொரு நிமிடமும் அதை மறுபடி முதலிலிருந்து நாம் ஏன் யோசிப்பதில்லை? நமக்கு நேரமும் புத்தியும் அளவோடுதான் இருக்கின்றன. தீர்மானம் என்பது மற்ற யோசனைகளை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. அப்படி நிறுத்தினால்தான் எதையாவது செய்து முடிக்க முடியும். நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என்ற இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர்காரர்கள் வளர்த்ததுதான் பி.டி.ஐ. ஏஜென்ட். அந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் மைக்கேல் ஜார்ஜெஃப், எமி லான்ஸ்கி இருவரும் முதலில் அப்படி ஒரு சிஸ்டம் கட்டினார்கள். விண்வெளி ஓடத்தின் சிறு உந்துபொறிகளில் வரும் கோளாறைக் கையாள்வதற்கு அதை வைத்துப் பார்த்தார்கள்.

பிறகு ஜார்ஜெஃப் ஆஸ்திரேலியா போனார். அங்கே அவரும் ஆனந்த் ராவும் இதற்கு முழுமையான தர்க்கக் கணிதம் எழுதினார்கள். சாத்தியமான உலகங்கள், கிளை பிரியும் காலம் என்று படிக்கவே மூச்சு வாங்கும். ஆனால் 1995-ல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவர்கள் கொடுத்த கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறொரு இடம். இந்தக் கணிதத்தை அப்படியே ஓட விட்டால், ஒவ்வொரு அடிக்கும் ஒரு தேற்றத்தை நிறுவிக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவே முடியாது என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். அப்புறம் எதை வெட்டுகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். நம்பிக்கைகளை இந்த நிமிடத்தின் எளிய உண்மைகளாக மட்டும் வைத்துக்கொள்வோம். திட்டங்களை ஓடும்போது கண்டுபிடிக்காமல் முன்கூட்டியே எழுதி வைப்போம். ஒவ்வொரு திட்டத்துக்கும் 'இந்த நிலைமை இருந்தால்தான் இது செல்லும்' என்று ஒரு நிபந்தனையை ஒட்டி வைப்போம்.

இப்படி வெட்டிக் கட்டியதைச் சிட்னி விமான நிலையத்தில் ரேடார் தகவலை நேரடியாகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். இறங்க வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஏஜென்ட். காற்றைக் கணிக்க ஒன்று, வரிசை போட ஒன்று, போகும் பாதையைச் சரிபார்க்க ஒன்று. ஒரே நேரத்தில் எழுபது எண்பது ஏஜென்ட்கள் ஓடின. எதை விடுகிறோம் என்று தெரிந்தே விட்டதால்தான் அது தாக்குப்பிடித்தது என்று நான் நம்புகிறேன். என் லாரி ஏஜென்ட்டிலும் நிறைய விட்டிருந்தேன். என்ன விட்டேன் என்பது எனக்கே தெரியாது.

அந்தக் காலத்துச் சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். டைல்வேர்ல்டு என்று ஒரு சின்ன உலகம். கட்டம் போட்ட தரை, அதில் குழிகள், குழியில் தள்ள ஓடுகள். குழிகள் தோன்றும், சில நேரம் கழித்து மறையும். 1991-ல் டேவிட் கின்னியும் ஜார்ஜெஃபும் இதில் இரண்டு குணமுள்ள ஏஜென்ட்களை விட்டுப் பார்த்தார்கள். ஒன்று துணிச்சல்காரன், போட்ட திட்டத்தை முடிக்கும் வரை திரும்பிப் பார்க்க மாட்டான். மற்றது எச்சரிக்கைக்காரன், ஒவ்வொரு அடிக்கும் நின்று யோசிப்பான். உலகம் மெதுவாக மாறினால் துணிச்சல்காரன் ஜெயிக்கிறான். வேகமாக மாறினால் எச்சரிக்கைக்காரன்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் புக்கிங் ஆபீஸ் பெரியவர்தான். முப்பது வருடமாக லாரி அனுப்புகிறவர். அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சிமெண்ட் லோடு என்றால் ஒரு தடவை பேசுவார், அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். "அது எங்க போகப் போகுது, மூட்டை அடுக்கித்தான் வச்சிருப்பான்." காய்கறி லோடு, நூல் லோடு என்றால் வண்டி கிளம்பும்போது ஒரு போன், பாதி வழியில் ஒரு போன். எது நிலையாக நிற்கும், எது நழுவும் என்று லோடுக்கு லோடு அவருக்குக் கணக்கு இருக்கிறது. இதை நான் அவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் எந்தப் படிவத்தில் என்ன கட்டம் இருக்கிறது என்பதைத்தான்.

சரி, தியரியை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இந்தத் தப்பு வராதா? வரும். நாசா 1998 அக்டோபரில் டீப் ஸ்பேஸ் 1 என்ற விண்கலத்தை அனுப்பியது. அதில் ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருள் இருந்தது. அது தானே திட்டம் போடும், நிறைவேற்றும், கோளாறு வந்தால் தானே காரணம் கண்டுபிடிக்கும். 1999 மே 17-ல், பூமியிலிருந்து 9 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், கலத்தை அதன் கையில் ஒப்படைத்தார்கள். ஒரு கட்டத்தில் அயனி எஞ்சினை அது அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. மென்பொருள் உயிரோடு இருக்கிறது, ஆனால் அடுத்த படிக்கு நகரவில்லை.

தரையில் இருந்தவர்கள் தேடிக் கண்டுபிடித்தது இதைத்தான். நிரலின் ஒரு பகுதி, 'செய்தி வந்திருக்கிறதா' என்று பார்க்கிறது. வரவில்லை. சரி, வந்தால் எழுப்பட்டும் என்று தூங்கப் போகிறது. பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவில் இருக்கும் அந்த இமைப்பொழுதில் செய்தி வந்து போய்விட்டது. எழுப்ப வேண்டிய மணி, தூங்குவதற்கு முன்பே அடித்து ஓய்ந்துவிட்டது. அப்புறம் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு எல்லாம் நின்றுவிட்டன. தரையில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்தபோது இது ஒரு முறைகூடத் தலைகாட்டவில்லை. இதே வகைப் பிழையை, அதே மென்பொருளின் வேறொரு பகுதியில், 1997-லேயே சரிபார்ப்புக் குழு ஒன்று கண்டுபிடித்துச் சொல்லியும் இருந்தது. அங்கே திருத்தினார்கள், இங்கே தப்பிவிட்டது. மே 21-ல் மறுபடி ஓட்டியபோது, வேண்டுமென்றே உண்டாக்கிய கோளாறுகளை எல்லாம் அந்த ஏஜென்ட் சமாளித்து, வைத்த இலக்குகளை முடித்துக் காட்டியது.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கலத்துக்கு ஒரு இமைப்பொழுது, என் லாரிக்கு ஒரு மணி நேரம். இரண்டும் ஒரே ஓட்டை. பார்த்தோம், அப்புறம் செய்தோம், நடுவில் உலகம் மாறிவிட்டது.

அதனால் என் கருத்தை உறுதியாகவே சொல்கிறேன். ஏஜென்ட்டை வேலைக்கு வைக்கிறவர்கள், மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையான பிராம்ப்டை மெருகேற்றுவதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்த இடைவெளிக்குச் செலவழிக்க வேண்டும். 'செய்யும் முன் சரிபார்' என்று பிராம்ப்டில் எழுதினால் போதாது. நானும் எழுதியிருந்தேன். பத்து தடவையில் ஒன்பது தடவை கேட்டது. அந்தப் பத்தாவது தடவைக்கு யாரோ ஒரு டிரைவர் ராத்தூக்கத்தை விட வேண்டியிருக்கிறது. அந்தச் சரிபார்ப்பு மாடலுக்கு வெளியே, டூலுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மாடல் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடக்க வேண்டும்.

எல்லாப் படிக்கும் இப்படிச் செய்தால் வண்டி நகராது, செலவும் ஏறும், எச்சரிக்கைக்காரன் கதைதான். அதனால் எளிதில் திரும்ப எடுக்க முடியாத காரியங்களை மட்டும் தனியாகப் பிரித்தோம். எங்களுக்கு அவை மூன்று: டிரைவரைக் கிளம்பச் சொல்வது, அட்வான்ஸ் பணம் போடுவது, இ-வே பில்லில் நம்பர் ஏற்றுவது. இந்த மூன்று டூல்களும் இப்போது கூப்பிட்ட நொடியில் ஆர்டரை மறுபடி படிக்கின்றன. நிலைமை மாறியிருந்தால் செய்ய மறுத்து, என்ன மாறியது என்று மாடலிடம் சொல்கின்றன. மாடல் அந்தத் தீர்மானத்தை விட்டுவிட்டு வேறு யோசிக்கிறது. ராவும் ஜார்ஜெஃபும் திட்டத்தோடு ஒட்டி வைத்த நிபந்தனை இதேதான். எழுதி முடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை.

பெரியவரின் பாதி வழிப் போனைத்தான் இன்னும் எழுத முடியவில்லை. எந்த லோடுக்கு எவ்வளவு தூரத்தில் கேட்க வேண்டும் என்பதை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் நூல் லோடே முடியவில்லை. அதுவரைக்கும் ராத்திரி லோடுகளுக்கு அவரே போன் போடுகிறார்.