நெரிசலுக்கு ஒழுங்கீனம் மட்டும் காரணமல்ல

"கல்முனையில் வாகனங்கள் தேங்கி நிற்பதே நம்மவர்களின் ஒழுங்கீனத்துக்குச் சான்று, ஜப்பானில் இப்படி நடக்காது" என்று, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அந்த நகரின் நெரிசலைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது.

அவர் உதாரணம் காட்டிய அதே ஜப்பானில், சுகியாமா தலைமையிலான ஆய்வாளர்கள், 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையொன்றில் 22 கார்களை மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓட்டுமாறு சாரதிகளிடம் கூறி, நடந்ததைப் பதிவுசெய்து 2008 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். சந்தியும் இல்லை, சமிக்ஞை விளக்கும் இல்லை, முந்திச் செல்பவரும் இல்லை. இருந்தும் சிறிது நேரத்தில் சில கார்கள் முற்றாக நின்றுவிட, அந்தத் தேக்கம் மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. முன்னால் செல்பவர் சற்றே வேகம் குறைத்தால், பின்னால் வருபவர் ஒரு கணம் தாமதித்து, அதைவிடக் கூடுதலாகப் பிரேக் பிடிக்கிறார்; அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கூடுதலாக. வாகன அடர்த்தி ஓர் அளவைத் தாண்டினால், எவரும் விதி மீறாமலேயே நெரிசல் உண்டாகிவிடும்.

விதி மீறல் ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை (தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களை நானும் தினமும் பார்க்கிறேன்). ஆனால், கல்முனையில் ஏ4 வீதி தூரப் பயணத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஒரே பாதையாக இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேலும், 2013 இல் அதே வீதியில், மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களே செல்லக்கூடிய பழைய பாலத்தின் இரு முனைகளிலும் காத்துநின்று வழிவிட்டவர்களும் இதே மக்கள்தான்.