ஆர்பி ஃபில்டரை அணைக்கச் சொல்லாதீர்கள்

லினக்ஸ் சர்வரில் இரண்டு இன்டர்நெட் லைன், இரண்டு நெட்வொர்க் கார்டு. முதல் லைனில் வருபவர்களுக்கு எல்லாம் வேலை செய்கிறது. இரண்டாவது லைனில் வருபவர்களுக்குப் பதிலே கிடைப்பதில்லை. இதை எங்கே கேட்டாலும் முதல் ஆளாக வந்து ஒருவர் சொல்வது, "ஆர்பி ஃபில்டரை ஜீரோ போடுங்க, சரியாகிடும்." ஆர்பி ஃபில்டர் (rp_filter) என்பது லினக்ஸில் உள்ள ஒரு சோதனை: ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) வந்த கார்டு வழியாகவே அதற்கான பதிலும் போகுமா என்று பார்க்கும். ஜீரோ போட்டால் அது அணைந்துவிடும். அந்த அறிவுரை தவறு, ஆபத்தும்கூட. அதற்காகத்தான் இந்த நீளமான பதிவு.

சும்மா விட்டால் லினக்ஸ் ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது அது எங்கே போக வேண்டும் என்பதை மட்டுமே பார்க்கும். கேள்வி எந்தக் கார்டில் வந்தது, பதிலில் அனுப்புநர் முகவரியாக எது இருக்கிறது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. இரண்டு டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் பொது வழி) இருந்தால் மெட்ரிக் (முன்னுரிமை எண்) குறைவாக உள்ளது ஜெயிக்கும், அவ்வளவுதான். லேப்டாப்பில் வைஃபை இருக்கும்போதே கேபிளைச் செருகினால் எல்லாம் கேபிளுக்கு மாறுவது இதனால்தான். நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் கொடுக்கிறது. லேப்டாப்பில் இது வசதி. சர்வரில் இதுவே தொல்லை.

போன மாதம் ஒரு சின்ன அலுவலகத்தில் பார்த்தது இது. முதல் கார்டு 192.168.1.10, இரண்டாவது 192.168.2.10, ஒவ்வொன்றுக்கும் தனி ரவுட்டர், தனி லைன். வெளியிலிருந்து இரண்டாவது லைனுக்கு ஒருவர் வருகிறார். இரண்டாவது கார்டில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டினால் அவருடைய சின் பாக்கெட் (தொடர்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கொஞ்சம் விட்டு மறுபடி வருகிறது, மறுபடியும் வருகிறது. பதில் எந்தக் கார்டிலும் போகவில்லை. அப்ளிகேஷன் லாகில் ஒரு வரிகூட இல்லை. ஃபயர்வாலைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

ஃபயர்வாலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பிடிப்பது கார்டிலிருந்து உள்ளே வந்த உடனேயே. அதற்குப் பிறகுதான் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), "இந்த முகவரிக்கு நான் பதில் அனுப்பினால் எந்தக் கார்டில் போகும்?" என்று பார்க்கிறது. முதல் கார்டு என்று விடை வருகிறது. பாக்கெட் வந்ததோ இரண்டாவதில். ஆர்பி ஃபில்டர் 1, அதாவது ஸ்டிரிக்ட், என்று இருந்தால் அங்கேயே சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மார்ஷியன் லாகிங்கை (வரக்கூடாத இடத்திலிருந்து வரும் பாக்கெட்டுகளைக் குறித்துவைக்கும் வசதி) ஆன் செய்து வைத்திருந்தால் மட்டுமே கெர்னல் லாகில் தடயம் கிடைக்கும்.

சரி, ஜீரோ போட்டால்? பாக்கெட் உள்ளே வரும், சர்வரும் பதில் எழுதும். ஆனால் அந்தப் பதில் 192.168.2.10 என்ற முகவரியோடு முதல் கார்டு வழியாக முதல் ரவுட்டருக்குப் போகும். இப்படி ஒரு கனெக்‌ஷன் தொடங்கியதையே அந்த ரவுட்டர் பார்த்ததில்லை. ஒன்று அங்கேயே போட்டுவிடும், இல்லையென்றால் தன் பப்ளிக் ஐபியை மாட்டி அனுப்பும். கேட்டவர் ஒரு முகவரியில் கேட்டார், பதில் வேறு முகவரியிலிருந்து வருகிறது. அவருடைய கணினி அதை ஏற்காது. ஆக, பாதுகாப்பும் போனது, பிரச்சினையும் தீரவில்லை. அலுவலகத்துக்கு உள்ளேயே இருக்கும் நெட்வொர்க்குகளில் ஜீரோ போட்டதும் சில நேரம் வேலை செய்துவிடும். இந்த அறிவுரை இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

உண்மையான தீர்வு சின்னது. இரண்டாவது லைனுக்கென்று தனி ரவுட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) ஒன்று. அதில் 192.168.2.0/24 நெட்வொர்க்கும், 192.168.2.1 வழியாக டீஃபால்ட் ரவுட்டும். அப்புறம் ஒரு ரூல்: அனுப்புநர் முகவரி 192.168.2.10 என்றால் இந்த டேபிளைப் பார். இப்படிச் செய்தால் ஆர்பி ஃபில்டர் ஸ்டிரிக்டிலேயே இருக்கலாம். அந்தச் சோதனையும் இதே ரூல்களைப் பார்த்துத்தான் நடக்கிறது. இந்த வசதி லினக்ஸ் 2.2 வந்த 1999 முதலே இருக்கிறது.

விஷயத்தின் வேர் இன்னும் பழையது. 1989ல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இன்டர்நெட் தரநிலை ஆவணம், ஐபி முகவரி கார்டுக்குச் சொந்தமா, முழு இயந்திரத்துக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு ஸ்ட்ராங், வீக் என்று இரண்டு மாடல்களைச் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் இடம் கொடுத்தது. லினக்ஸ் வீக் பக்கம். விண்டோஸ் எக்ஸ்பி வரை வீக்காக இருந்து, விஸ்டாவில் ஸ்ட்ராங்குக்கு மாறியது. வீக் மாடலில் ஒரு கார்டின் முகவரிக்கு வரும் பாக்கெட்டை இன்னொரு கார்டும் வாங்கிக்கொள்ளும். 2019 டிசம்பரில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட விபிஎன் ஓட்டை இதை வைத்துத்தான் வேலை செய்தது. பக்கத்தில் இருப்பவர், வைஃபை வழியாகப் பாக்கெட் அனுப்பியே, உங்கள் விபிஎன்னுக்குள் இருக்கும் முகவரியைக் கண்டுபிடிக்க முடிந்தது. நடந்துகொண்டிருக்கும் கனெக்‌ஷனில் தரவைச் செருகவும் வழி இருந்தது. ஐபிவி4ல் அதைத் தடுக்கச் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று, ஆர்பி ஃபில்டரை ஸ்டிரிக்டில் வைப்பது. நாம் யோசிக்காமல் அணைக்கச் சொல்வது அதைத்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரிபியூஷன்கள் மேல். ஆண்ட்ராய்டு இதே கெர்னலில்தான் ஓடுகிறது. வைஃபையும் மொபைல் டேட்டாவும் சேர்ந்து இருக்கும்போது ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி டேபிள் போட்டு, ரூல்களால் பிரித்து அனுப்புகிறது. அமேசான் லினக்ஸும் கூடுதலாகச் சேர்க்கும் கார்டுகளுக்குத் தானே ரூல் போட்டுக்கொள்கிறது. சாதாரண சர்வர் இன்ஸ்டாலில் இரண்டாவது கேட்வேயை எழுதும்போது மட்டும் அந்த டேபிளை நாமே கையால் எழுத வேண்டியிருக்கிறது. நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் தேடிப் போய் எழுதினால்தான் உண்டு. கேட்வே கொடுத்தால் ரூலும் சேர்ந்தே வர வேண்டும், தேவையில்லாதவர்கள் நீக்கிவிடட்டும்.

ஏற்கெனவே ஜீரோ போட்டு வைத்திருப்பவர்கள் முதலில் டேபிளையும் ரூலையும் போடுங்கள். 'ஐபி ரவுட் கெட்' கட்டளையில் ஏதாவது ஒரு வெளி முகவரியையும், ஃப்ரம் என்று இரண்டாவது கார்டின் முகவரியையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது கார்டு என்று விடை வந்த பிறகு ஃபில்டரை 1க்குக் கொண்டு வாருங்கள். 'ஆல்' (எல்லாக் கார்டுக்கும் பொதுவான அமைப்பு) என்பதிலும் அந்தந்தக் கார்டிலும் இருக்கும் மதிப்புகளில் பெரியதுதான் செல்லும், அதனால் எங்காவது 2, அதாவது லூஸ் (தளர்வான சோதனை), ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி6க்கு இந்த ஸ்விட்சே கிடையாது, என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால்) தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.