அட்டையில் என் பெயர் இல்லை

கணவருடைய பல்கலைக்கழக பேட்ச் சந்திப்புக்கு முதல்முறை போனபோது வாசலிலேயே கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அவருடைய அட்டையில் பெயர், துறை, படித்து முடித்த ஆண்டு எல்லாம் இருந்தன. என்னுடையதிலும் அவர் பெயர்தான். கீழே சின்ன எழுத்தில் ‘துணைவி’. சரி, யாராவது கேட்டால் பெயரைச் சொல்லிக்கொள்வோம் என்று உள்ளே போனேன். மாலை வரை இரண்டே பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் என்னைப் போலவே துணையாக வந்தவர்.

யாரும் என்னிடம் முகம் கோணவில்லை. எல்லோரும் நல்லவர்கள். “வாங்க, சாப்பிட்டீங்களா?” என்று விசாரித்தார்கள். அதோடு திரும்பி, இருபது வருடம் பார்க்காத நண்பனின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். என் கணவரும் அப்படித்தான். பழைய விடுதி அறைக்காரர் ஒருவரைப் பார்த்ததும் “ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்” என்று போனவர், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. குரூப் போட்டோ எடுக்கும்போது “ஃபேமிலி எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்கள். தள்ளி நின்றோம். உடனே ஐந்தாறு பேர் தங்கள் போனை எங்கள் கையில் கொடுத்து, “இதுலயும் ஒண்ணு எடுத்துடுங்க” என்றார்கள். என் கையில் மட்டும் மூன்று போன்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதை எடுத்தவள் நான்.

நான் படித்தது உளவியல். அன்று அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. 1959ல் நெவில் மோரே என்பவர் செய்தது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் வேறு வேறு பேச்சு ஓடும். ஒரு காதில் கேட்பதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். மற்றக் காதில் ஒரே சொற்களை 35 முறை சொன்னாலும் பிறகு கேட்டால் அவை நினைவில் இல்லை. ஆனால் அதே காதில் தன் பெயர் வந்தால் சிலருக்கு அது கேட்டுவிடுகிறது. அவ்வளவு கவனத்தையும் தாண்டி உள்ளே நுழைவது பெயர்தான். அந்த ஹாலில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள், ஒரே இரைச்சல். என் பெயர் ஒரு தடவைகூட எங்கிருந்தும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சண்டையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னேன். “அவங்க எல்லாரும் நல்லாத்தானே பேசினாங்க?” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் இதை விளக்குவது கஷ்டம். யாரும் தப்பு செய்யாமலேயே ஒருத்தி நாள் முழுக்க அங்கே இல்லாமல் போய்விட முடியும்.

இதற்குக் காரணம் அந்த வயதுதான் என்று நினைக்கிறேன். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மற்றக் காலத்தைவிட அதிகமாக வரும். இதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கல்லூரி அந்த வயதின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே கூடியவர்கள் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையின் அடர்த்தியான பகுதிக்குள் போய்விடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கணவனோ மனைவியோ அந்தப் பகுதியில் கிடையாது. மறப்பது இயல்பு. இயல்பு என்று தெரிந்தபிறகும் அப்படியே விட்டுவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் எங்கள் பேட்ச்சின் 25ஆம் ஆண்டு வந்தது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் முதல் விவாதமே துணைகளை அழைப்பதா வேண்டாமா என்பதுதான். “நாம மட்டும் இருந்தாதான் மனசு விட்டுப் பேச முடியும்” என்று பாதிப் பேர் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இறந்துபோன வகுப்புத் தோழனைப் பற்றி அழுதுகொண்டே பேச, கூட இருந்து படித்தவர்கள் மட்டும் வேண்டியிருக்கிறது. இன்னொரு தோழி தனியாக எனக்கு எழுதினாள். அவளுக்கு விவாகரத்து ஆகி இரண்டு வருடம். எல்லோரும் ஜோடியாக வந்தால், தான் வரப்போவதில்லை என்றாள். அவளை நினைத்துத்தான் முதல் நாள் மாலை நாங்கள் மட்டும், மறுநாள் விரும்புகிறவர்கள் துணையோடு என்று பிரித்தோம். யார் தனியாக வந்தாலும் ‘ஏன் தனியா?’ என்று ஒருவரும் கேட்கக்கூடாது என்று குழுவில் வெளிப்படையாகவே எழுதினேன். அவள் இரண்டு நாளும் வந்தாள்.

ஆனால் கூப்பிட்டுவிட்டு மூலையில் உட்கார வைப்பதைவிட, கூப்பிடாமல் இருப்பது எவ்வளவோ மேல். துணைவர்களை அழைத்தால் அவர்களும் விருந்தினர்கள்தான். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு ஏற்பாட்டுக் குழுவுக்கு மட்டும் இல்லை, அழைத்து வந்தவருக்குத்தான் முதலில்.

அட்டை வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். துணையாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர், பெரிய எழுத்தில். அதன் கீழே அவரைப் பற்றி ஒரு வரி. யாருடைய கணவர், யாருடைய மனைவி என்பது கடைசியில், சின்னதாக. எதற்கு அந்த ஒரு வரி என்று குழுவில் ஒருவன் கேட்டான். “பேக்கர் ஞாபகம் இல்லையா?” என்றேன். உடனே நான்கு பேருக்கு நினைவு வந்துவிட்டது. அதுவும் வகுப்பில் படித்ததுதான். 1987ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. முகங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தொழிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேக்கர் என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். அதே சொல்லைத் தொழில் என்று சொன்னால் நினைவில் நிற்கிறது, பெயர் என்று சொன்னால் நழுவிவிடுகிறது. வெறும் பெயருக்குப் பிடிமானம் கிடையாது. தொழில் என்றால் அதோடு ஓர் உருவம், ஒரு வேலை, ஒரு வாசனைகூட ஒட்டிக்கொள்கிறது.

அதனால் வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதினோம். ‘மொட்டை மாடியில் தேனீ வளர்க்கிறார்.’ ‘ஐம்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டார்.’ என் கணவர் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் ‘பழைய ரேடியோக்களைச் சரிசெய்வேன்’ என்று கொடுத்தார்.

அன்று காலை அவரைக் கூட்டிப்போய் என் விடுதித் தோழியிடம், “இவர்தான், நான் சொன்னேன்ல, வால்வு ரேடியோவைக்கூடப் பாட வைப்பார்” என்று அறிமுகம் செய்தேன். அவள் அப்பா வைத்திருந்த ரேடியோ ஒன்று வீட்டில் ஊமையாகக் கிடக்கிறதாம். அவ்வளவுதான், பேச்சு ஓடத் தொடங்கியது. நான் பத்து நிமிடம் கூடவே நின்றுவிட்டுத்தான் நகர்ந்தேன். அந்தப் பத்து நிமிடம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். பிறகு ஹாலின் அந்தக் கோடியிலிருந்து என் தோழி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவு சத்தத்திலும் அவர் சட்டென்று திரும்பினார். அந்தத் திரும்பலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிட்டுப் போனோம். கல்லூரியில் என்னை விரும்பியதாகச் சொன்ன ஒருவர் அங்கே வருவார் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டலாகச் சொல்லி அவர் கேட்பதைவிட நானே சொல்வதுதான் மரியாதை. அதேபோல யாரோ சொல்லவும் செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கை தட்டினார்.

திரும்பி வரும்போது காரில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர், “டிரங்குப் பெட்டிச் சாவி கதையை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் ஆண்டில் படிப்பே வேண்டாம் என்று துணிமணியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, கிளம்புவதற்குள் குளிக்கப் போயிருக்கிறேன். அதற்குள் அந்தத் தோழி சாவியை ஒளித்துவைத்துவிட்டாள். மூன்று நாள் போட்ட துணியையே போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நான்காம் நாள் சாவி கிடைத்தபோது போகவேண்டும் என்ற எண்ணம் போயிருந்தது. எனக்கே அது மறந்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவருக்கு என்னைப் பற்றித் தெரியாத ஒன்றை அவள்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். “நீ அன்னைக்குப் போயிருந்தா?” என்று கேட்டுவிட்டு, அவர் மேலே எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவர் பேட்ச்சின் அடுத்த சந்திப்பு வருகிறது. போன வாரம் பதிவுப் படிவம் வந்தது. ‘உடன் வருபவரின் பெயர்’ என்று ஒரு கட்டம், அதன் கீழே ‘அவரைப் பற்றி ஒரு வரி’ என்று இன்னொன்று. அவர்தான் குழுவில் பேசிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லாமலே செய்திருக்கிறார். பெயரை எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிதான் இன்னும் பாக்கி.