மதர் என்றால் அம்மாதான்

மூன்று நாளாக எல்லாரும், ரோட்டில் ஒரு காருக்காரரோடு தூசணத்தில் ஏசிக்கொண்ட அந்த ஆட்டோக்காரத் தம்பியின் வீடியோவையே பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நானும் பார்த்தேன். ஏழெட்டுத் தரம் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டி வைத்தும் பார்த்தேன். உங்களில் எத்தனை பேர் முதல் பதினொரு செக்கனைக் காது கொடுத்துக் கேட்டீர்களோ தெரியாது.

அந்தப் பதினொரு செக்கனில் காருக்குள் இருந்த கொழும்புக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு 'மதர்' என்று தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்கிறார். தெளிவாக, இரண்டு தரம். அதற்குப் பிறகுதான் நம்ம தம்பி தமிழில் ஒன்று சொல்கிறான். கீழே முந்நூறுக்கு மேல் கருத்துகள், அத்தனை ஏச்சும் தம்பிக்கு. "படிக்காத கூட்டம்", "லயத்துப் புத்தி", ஒருவர் கொஞ்சமும் கூசாமல், தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற நம் ஆட்களை இழிவாகச் சொல்லும் "தோட்டக்காட்டான்" என்றே எழுதியிருக்கிறார், அதற்கு இதயம் போட்டவர்களில் நான்கு பேர் என் நட்பில் இருக்கிறார்கள். காருக்காரரைப் பற்றி? "பாவம் சேர், டென்ஷன்ல இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிட்டார்."

ஏதோ!

மதர் என்றால் அம்மா, முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரியும். அதோடு ஒட்டியிருக்கும் மற்றச் சொல்லும் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து மனசுக்குள் ஒரு தரம் தமிழில் சொல்லிப் பாருங்கள், குடிக்கிற தேத்தண்ணி தொண்டையில் இறங்காது. அவர் இவனுடைய அம்மாவை இழுத்தார், இவன் அவருடைய அம்மாவை இழுத்தான். நியாயமாகப் பார்த்தால் தம்பி செய்தது மொழிபெயர்ப்பு வேலை. அதற்குக் காசு கொடுத்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போதே ஒன்று கவனித்தேன். கொழும்புக்காரர் சொன்னதில் பாதியையாவது எழுத எனக்குக் கை போகிறது. தம்பி சொன்னதில் முதல் எழுத்தை எழுதவே கூசுகிறது. நானும் உங்களைப் போலத்தான். பிறகு படித்த மொழியில் தூசணம் காதோடு நின்றுவிடும், சின்ன வயதில் கேட்ட மொழியில் அது நெஞ்சு வரை இறங்கும். அது நம் காதின் கோளாறு. அதற்காக அந்தச் சொல் சுத்தமாகிவிடுமா?

அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்களுக்கு அது சுத்தமில்லை என்று நன்றாகவே தெரியும். 1965 இல் பிபிசி நேரடி நிகழ்ச்சி ஒன்றில் கென்னத் டைனன் என்ற நாடக விமர்சகர் எஃப்பில் தொடங்கும் அந்த மற்றச் சொல்லை ஒரே ஒரு தரம் சொன்னார். நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் வந்தது, பிபிசி வருத்தம் தெரிவித்தது. இன்றைக்கும் பிரிட்டனில் இரவு 9 மணிக்கு முன் வழமையான டிவியில் அந்தச் சொல் வரக் கூடாது. இங்கே என் அக்கா மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அம்மாயியின் அறுபதாம் கலியாணப் படத்துக்குக் கீழே, 'டபிள்யூ டி எஃப்' என்று போட்டிருந்தாள். அதில் எஃப் அதே சொல்தான். அக்கா என்னிடம் சொன்னது: "இவளுக்கு இப்ப இங்கிலீஷ் நல்லா வருது."

போன வருஷம் ரோட்டோரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு, மேலே சந்தையில் நூறு இருநூறுக்கு வாங்கிய பழைய டீசேர்ட். நெஞ்சில் கொட்டை எழுத்தில் அந்தச் சொல். வேனில் வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இறங்கி இறங்கிப் படம் எடுத்தார்கள், ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் குந்திவிட்டாள். அக்காவும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார், கையையும் ஆட்டினார். போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? வந்துவிட்டேன்.

சரி, இப்போது சண்டைக்கு வருவீர்கள். "அப்ப ரோட்டில தூசணம் பேசலாம்னு சொல்றீங்களா?" இல்லை. இரண்டு பேரும் பேசியிருக்கக் கூடாது. இருவர் செய்த பிழைக்கு ஒருவனை மட்டும் கட்டிவைத்து அடிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். "ஆட்டோக்காரன் உங்க சொந்தமா?" ஆமாம், தூரத்துச் சொந்தம். அதனால் அந்தப் பதினொரு செக்கன் அழிந்துபோகுமா? ஒரு தங்கை இன்பாக்ஸில், "ரெண்டு ஆம்பளைங்க சண்டைக்கு ஏன் அண்ணா ரெண்டு அம்மாவை இழுக்கணும்" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

"இங்கிலீஷ் நாகரிகமான மொழி, அதில ஏசினா அவ்வளவு உறைக்காது" என்று எழுதிய அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்களின் ஒரு சாதிப் பெயரைத் தூக்கிக்கொண்டுபோய், ஒதுக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் 'பரையா' என்று அகராதியில் ஏற்றிவைத்த மொழி அது. இன்றைக்கும் அவர்கள் பத்திரிகையில் ஒரு நாட்டைத் திட்ட வேண்டுமென்றால் அதைக் கூசாமல் எழுதுவார்கள். நாம் கொழும்பில், ஆள் என்ற அர்த்தத்தில், 'பாவம் அந்த பகர்' என்று ஆளுக்கு ஆள் சொல்கிறோமே, அந்த இங்கிலீஷ் ஏச்சின் வேர் பல்கேரியா. அந்தப் பக்கத்து மக்களை மத விரோதிகள் என்று முத்திரை குத்தி, மேலே தகாத உறவுப் பழியையும் போட்டு, நாட்டின் பெயரையே ஏச்சாக்கியது நாகரிகமான ஐரோப்பாதான். தோட்டக்காட்டான் என்பதும் அதே வேலைதான் அண்ணா. அது மட்டும் தமிழில் இருக்கிறது, உங்களுக்கும் உறைக்கவில்லை.

என் தாத்தா பங்களாவில் அப்புவாக இருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கும் வரை வெள்ளைக்கார துரைக்குச் சமைத்தவர். சாயந்தரம் ட்ரேயோடு போனால் துரை சிரித்துக்கொண்டே "தேங்க்யூ, யூ ஓல்ட் பாஸ்டர்ட்" என்பாராம். தாத்தாவுக்கு அது பட்டம். "என்னைய மட்டுந்தான் துரை ஓல்ட் பாஸ்டட்னு கூப்பிடுவாரு, கணக்கப்பிள்ளையக்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல" என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்வார். பிரியம் பொங்கினால் என்னை "சின்ன பாஸ்டட்" என்று கூப்பிட்டு மடியில் இருந்து டொஃபி எடுத்துக் கொடுப்பார். ஒன்பதாம் ஆண்டில் எனக்குப் பரிசாக ஒரு அகராதி கிடைத்தது. முதலில் தேடிய சொல் அதுதான். முறைதவறிப் பிறந்தவன். தாத்தா பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "என்னய்யா போட்டிருக்கு?" என்று கேட்டார். சினேகிதன்னு போட்டிருக்கு தாத்தா என்றேன். உலக்கையை நிறுத்திவிட்டு, அடுத்த காம்பராவுக்குக் கேட்கிற மாதிரி, "பாத்தியா" என்றார்.

துரை ஆசையாகத்தான் சொல்லியிருப்பார் என்று வாதாடுவீர்கள். இருக்கலாம். அவர்களுடைய ஆட்கள் தோளில் தட்டிக்கொண்டு ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவது உண்மைதான், அங்கே அது நிஜமாகவே சினேகிதன் என்ற அர்த்தம்தான். ஆனால் அவன் இவனைச் சொன்னால் இவனும் அவனைச் சொல்லலாம். தாத்தா ஒரு நாள், ஒரே ஒரு நாள், "யூ ஆர் வெல்கம், ஓல்ட் பாஸ்டட்" என்று திருப்பிச் சொல்லியிருந்தால்? மறுநாள் காலையில் பத்துச்சீட்டு, அதுதான் வேலையை விட்டு அனுப்புகிற சீட்டு, கையில் இருந்திருக்கும்.

அதனால்தான் எனக்கு இந்த வீடியோவில் இவ்வளவு கோபம். இரண்டு பேரும் பேசியிருக்கக் கூடாது என்று மேலே எழுதினேன் இல்லையா, அழிக்க மாட்டேன், இருக்கட்டும். ஆனால் பொய் சொல்ல வேண்டாமே, தம்பி திருப்பிச் சொன்ன இடத்தை மட்டும் நான் நாலைந்து தரம் ஓடவிட்டுப் பார்த்தேன். இதயம் போட்ட நாலு பேரும் தாங்களாகவே நட்பை விட்டுப் போய்விடுங்கள். எனக்கு பட்டனைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

நேற்று ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். வீடியோ வந்ததிலிருந்து ஹயர் குறைவு என்றான், மகளை ஸ்கூலில் ஏதோ கேட்டிருக்கிறார்கள் போல, அதைச் சரியாகச் சொல்லவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்தாள் சொன்னதுக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியவே தெரியாது! கண்ணாடி இறங்கிய விதத்தையும் குரலையும் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. தமிழில் அப்படியே சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். "அப்படின்னா நான் கொறைச்சுத்தான்ணே ஏசியிருக்கேன்" என்றான்.