"எத்தனை ரவுண்டு தாங்கும்?" என்ற கேள்வியை விடுங்கள்

எந்த பிஸ்டலைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழும் கேள்வி "இது எத்தனை ரவுண்டு (தோட்டா) தாங்கும்?" என்பதுதான். ஒருவர் 50,000 என்பார். அடுத்தவர் லட்சம் என்று அடித்துச் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு துப்பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் ஒரு பிஸ்டலுக்கு ஒரே ஆயுள் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு உதிரிக்கும் தனித்தனி ஆயுள். சுட்டதும் பின்னால் வரும் மேல்பாகத்தை (ஸ்லைடு) திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்குக்கு ஒரு கணக்கு, பேரலை ஸ்லைடோடு பூட்டும் லாக்கிங் பிளாக்குக்கு ஒரு கணக்கு, குண்டு வெளியேறும் குழலான பேரலுக்கு வேறொரு கணக்கு. சீக்கிரம் தேய்கிற மலிவான உதிரியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அது தனக்குப் பக்கத்தில் இருக்கும் விலை கூடிய உதிரியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வருடக்கணக்கில் புழங்கிய கைத்துப்பாக்கிகள் உடைவதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் இத்தாலியக் கம்பெனியின் பெரெட்டா 92 பிஸ்டல். 1985 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதை எம்9 என்ற பெயரில் தேர்ந்தெடுத்தது. தேர்வுக்கு வைத்த நிபந்தனையில் கேட்ட ஆயுள் வெறும் 5,000 ரவுண்டு. 1987 இறுதியிலும் 1988 தொடக்கத்திலும் கடற்படையின் சிறப்புப் படையினர் சுட்டுக்கொண்டிருந்தபோது ஸ்லைடு குறுக்கே முறிந்தது. பின்பாதி ஃபிரேமை (கைப்பிடியோடு சேர்ந்த உடல்) விட்டுக் கழன்று, சுட்டவரின் முகத்திலேயே அடித்தது. மூன்று பேருக்குக் காயம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1988-ல் கொடுத்த அறிக்கையின் கணக்குப்படி மொத்தம் 14 ஸ்லைடுகள் முறிந்தன: 3 களத்தில், 11 ஆய்வுக்கூடத்தில். எஃகின் தன்மை சரியில்லை என்றது ராணுவத் தரப்பு. தோட்டாவின் அழுத்தம்தான் அதிகம் என்றது கம்பெனி. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். முறிந்த இடத்தைப் பாருங்கள். லாக்கிங் பிளாக்கின் காதுகள் உட்காருவதற்காக ஸ்லைடின் இரண்டு பக்கச் சுவரிலும் பள்ளம் குடைந்திருப்பார்கள். மேல்பக்கம் ஏற்கெனவே திறந்து கிடக்கும் ஸ்லைடு அது. ஆகவே அந்த இடத்தில்தான் உலோகம் மிக மெலிது, மூலையும் அங்கேதான். சுடும்போது விழும் இழுவிசை முழுவதும் அந்த மூலையில் குவியும்.

கம்பெனி செய்த திருத்தம் எளிமையானது. தோட்டாவை வெடிக்க அடிக்கும் ஹேமரைத் தாங்கும் பின்னின் தலையைப் பெரிதாக்கி, அது நுழைந்து ஓடுகிற மாதிரி ஸ்லைடின் அடியில் ஒரு காடி வெட்டினார்கள். ஸ்லைடு முறிந்தாலும் பின்பாதி பறந்து வராமல் அந்தத் தலை பிடித்து நிறுத்தும். 92எஃப் என்பது 92எஃப்எஸ் ஆனது இதனால்தான். பழைய 92 வாங்குகிறவர்கள் இடது பக்கம் கிரிப்புக்கு மேலே அந்தப் பெரிய பின் தலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அது பழைய வடிவம்.

ஸ்லைடு கதை பிரபலமாகிவிட்டது. நடைமுறையில் இந்த பிஸ்டலில் அதைவிட அதிகம் உடைவது லாக்கிங் பிளாக். பேரலுக்கு அடியில் தொங்கும் சின்ன எஃகுத் துண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது. சுட்டதும் பேரலும் ஸ்லைடும் பூட்டியபடியே கொஞ்ச தூரம் பின்னால் வரும். பேரலின் அடியில் இருக்கும் பிளஞ்சர் என்ற சின்னத் தண்டு ஃபிரேமில் இடித்து பிளாக்கைக் கீழே தள்ளும். காதுகள் ஸ்லைடின் பள்ளத்திலிருந்து விடுபடும். ஸ்லைடு தனியே போகும், பேரலும் பிளாக்கும் ஃபிரேமில் மோதி நிற்கும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் இந்த மோதல் உண்டு. காது உடலோடு சேரும் உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும். முதலில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, துடைத்தாலும் போகாது. சில நூறு ரவுண்டுகளில் காது ஒடிந்து, ஒடிந்த துண்டு ஸ்லைடுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் செருகிக்கொள்ளும். ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். கையால் இழுத்தாலும் வராது. பின்னால் வந்த பிளாக்குகளில் அந்த மூலையை உருண்டையாக்கிவிட்டார்கள், ஆயுள் நன்றாகக் கூடியது. கூர்மையான மூலையுள்ள பழைய பிளாக் இன்னும் உங்கள் பிஸ்டலில் இருந்தால் உடையும் வரை காத்திருக்க வேண்டாம். பிளாக், பிளஞ்சர், பிளஞ்சரைப் பிடித்திருக்கும் பின் ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புதிய வடிவமாக இருந்தாலும் 20,000 ரவுண்டு வாக்கில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பிளாக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் எஃகு அல்ல, ரீகாயில் ஸ்பிரிங். பெரெட்டா 92-க்கு 13 பவுண்டு விசையுள்ள ஸ்பிரிங். 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். .45 குண்டு சுடும், 5 அங்குலப் பேரலுள்ள 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டலுக்கு 16 பவுண்டு. அதை 2,000 முதல் 3,000-க்குள் மாற்றுவது வழக்கம். 3 அங்குலக் குட்டி பிஸ்டல்களில் ஸ்பிரிங் இன்னும் சீக்கிரம் தளரும், 1,000 ரவுண்டு போனாலே கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் பிஸ்டல் உடனே அடம்பிடிக்காது. அதுதான் ஆபத்து. சுட்டுக்கொண்டே இருக்கும், ஸ்லைடு மட்டும் முன்னைவிட வேகமாகப் பின்னால் போய் ஃபிரேமில் அறையும். வெற்றுக் கேஸ் (தோட்டாவின் காலி உறை) வழக்கத்தைவிடத் தூரமாகப் போய் விழுகிறதா? கையில் உதைப்பு திடீரென்று கூர்மையாகத் தெரிகிறதா? ஃபிரேமில் ஸ்லைடு மோதும் இடத்தில் உலோகம் நசுங்கிப் பளபளக்கிறதா? ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வையுங்கள். நீளம் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

இதற்குப் பயந்துகொண்டு கனமான ஸ்பிரிங் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. பின்னால் போகிற வேகம் குறையும், முன்னால் வருகிற வேகம் கூடும். 1911-ல் அந்த அடியை வாங்குவது பேரலின் அடியில் இருக்கும் கால்களும், ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் ஸ்லைடு ஸ்டாப்பின் பின்னும். மேகசின் (தோட்டாப் பெட்டி) அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு முன்னால் பாய்ந்துவிடும், தோட்டா ஏறுவது (ஃபீடிங்) கெடும். கம்பெனி கொடுத்த பவுண்டிலேயே இருங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

கிளாக் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு அரை நிமிடச் சோதனை ஒன்று உண்டு. மேகசினைக் கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் முனையை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். ட்ரிக்கரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, மெதுவாக விட்டுக்கொடுங்கள். கடைசி வரை தானாகப் போய் மூட வேண்டும். வழியில் நின்றால் ஸ்பிரிங் தீர்ந்தது. நான்காம் தலைமுறை கிளாக் வந்த புதிதில் ரீகாயில் ஸ்பிரிங் தொகுப்பிலேயே சிக்கல் இருந்து, 2011-ல் கம்பெனியே மாற்றிக் கொடுத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் மாற்றிய தொகுப்புதானா என்று விசாரியுங்கள்.

சின்ன ஸ்பிரிங்குகளை யாரும் நினைப்பதே இல்லை. பெரெட்டா 92-ல் ட்ரிக்கர் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒரு முறுக்குக் கம்பி. அதன் கால் ஒடிந்தால் ட்ரிக்கர் திரும்பி முன்னால் வராது. சில சென்ட் பெறாத கம்பி, பிஸ்டல் முழுவதையும் முடக்கிவிடும். பழைய கிளாக்குகளின் ட்ரிக்கர் ஸ்பிரிங்கும் அப்படித்தான். 1911-ல் காலி கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரே ஒரு ஸ்பிரிங். தோட்டாவை மேகசினிலிருந்து ஏற்றாமல் நேரே சேம்பரில் போட்டு ஸ்லைடை மூடும் பழக்கத்தால் அது வளைந்து பிடி தளரும், நுனி உதிரவும் செய்யும். சிஸட் (CZ) 75 பிஸ்டலில் தோட்டா இல்லாமல் வெறும் ட்ரிக்கரை ஆயிரக்கணக்கில் அடித்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் ரோல் பின் முறியும். பயிற்சிக்கு ஸ்னாப் கேப் (டம்மி தோட்டா) போட்டுக்கொள்ளுங்கள். போட்டிகளில் அதிகம் சுடுகிறவர்கள் அந்த பிஸ்டலுக்கு உபரி ஸ்லைடு ஸ்டாப் ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது ஒடியும்.

ஃபிரேம் விஷயத்தில் "எஃகுதான் நிற்கும், பிளாஸ்டிக் போய்விடும்" என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. களத்தில் கண்டது வேறு. எஃகு ஃபிரேமோடு வந்த வால்தர் பி38-ஐப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி அலுமினிய ஃபிரேமில் செய்தது, பெயர் பி1. அலுமினியம் அடி தாங்காமல் விரிசல் விடவே, 1970-களில் லாக்கிங் பிளாக் இடிக்கும் இடத்தில் அறுகோண எஃகுக் குறுக்குப் பின் ஒன்றைச் செருகினார்கள். இன்று பி1 வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்த அறுகோணத்தைத்தான். பாலிமர் ஃபிரேமிலோ, ஸ்லைடு ஓடுவது பிளாஸ்டிக்கில் பதித்த எஃகு ரெயில்களில். பிளாஸ்டிக் அடி வாங்கும்போது வளைந்து கொடுக்கும். உடைந்தால் உடைவது அந்த ரெயில்தான். 2001–2002 வாக்கில் வந்த கிளாக்குகளின் ஒரு தொகுதியில் பின்பக்க ரெயில் ஒடிந்து, கம்பெனி ஃபிரேமையே மாற்றிக் கொடுத்தது.

ரிவால்வரில் உடையவே எதுவும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19-ஐக் காட்டுவேன். .38 தோட்டாவுக்கு அளவான கே என்ற அளவு ஃபிரேமில், அதைவிட வலுவான .357 மேக்னம் தோட்டா. சிலிண்டரைத் தாங்கும் கிரேனுக்கு இடம் விடுவதற்காக, பேரலின் பின்முனையில் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். குண்டு நுழையும் அந்த வாய் (ஃபோர்சிங் கோன்) அந்த ஒரு இடத்தில் மட்டும் மெலிந்திருக்கும். குண்டு 110, 125 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) எடையுள்ள லேசான, வேகம் கூடிய மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் விரிசல் விழுவது சரியாக அங்கேதான், கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில். 158 கிரெய்ன் சுட்டவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கொஞ்சம் பெரிய எல் ஃபிரேமை 1980-ல் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாடல் 19 கையில் இருந்தால் பழகுவதற்கு .38 ஸ்பெஷல் சுடுங்கள், மேக்னத்துக்கு 158 கிரெய்ன் வையுங்கள். அந்தத் துப்பாக்கியை இப்போது யாரும் அந்த வடிவில் செய்து தரப்போவதில்லை.

ரிவால்வரைச் சோதிக்க ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். காலி சிலிண்டரைப் பூட்டி, பேரலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 0.004 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. சிலிண்டரை முன்னால் தள்ளி ஒருமுறை, பின்னால் தள்ளி ஒருமுறை அளந்தால் வரும் வித்தியாசம் எண்ட்ஷேக். அது 0.003-ஐத் தாண்டினால் ஷிம் (மெல்லிய வளையம்) போட வேண்டிய நேரம். பிறகு சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் முழுதாக ஏறி நிற்பதற்கு முன் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஓர் அறை மட்டும் தவறுவது சகஜம். இப்படிச் சரியான நேரத்தில் பூட்டாத, டைமிங் கெட்ட ரிவால்வர் ஈயத் துணுக்குகளைப் பக்கவாட்டில் துப்பும், பக்கத்து லேனில் நிற்பவர்தான் முதலில் புகார் சொல்வார். சிலிண்டருக்கு மேலே ஓடும் ஃபிரேமின் பட்டையில் தீ அரித்த கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் அரித்துவிட்டு அது பெரும்பாலும் நின்றுவிடும்.

தேய்மானமே இல்லாத ஒரு சேதமும் உண்டு. தினமும் இரவு பிஸ்டலிலிருந்து தோட்டாவை இறக்கி, காலையில் அதே தோட்டாவைத் திரும்ப ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவில் (ஃபீட் ரேம்ப்) இடித்து, குண்டு கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். .40 எஸ் அண்ட் டபிள்யூ வகைத் தோட்டாவில் இது மிகவும் மோசம். அப்படித் திரும்பத் திரும்ப ஏற்றிய தோட்டாவைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உதிரியை சால்வெண்ட்டில் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். மெல்லிய எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, முழுக்கத் துடைத்துவிட்டு, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் திரும்பக் கசிந்து கோடு போடும். நகத்தால் குறுக்கே வருடினால் கீறல் என்றால் வழுக்கும், விரிசல் என்றால் தட்டும். பார்க்க வேண்டியது மூலைகள், துளைகளின் ஓரம், பள்ளங்களின் அடி. 1911 ஃபிரேமில் ஸ்லைடு ஸ்டாப் துளைக்கு மேலே ரெயிலில் விரிசல் விழுந்தும் பலர் தொடர்ந்து சுடுகிறார்கள். அந்த இடத்தின் மெல்லிய உலோகத்தைச் சில தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே வெட்டி எடுத்துவிடுவதும் உண்டு. ஸ்லைடில் விரிசல் என்றால் பேச்சே இல்லை, அன்றோடு நிறுத்த வேண்டும். லாக்கிங் பிளாக், பேரல், ஃபோர்சிங் கோன் மூன்றுக்கும் அதே தீர்ப்பு.

என் கோபம் முழுக்க இந்தக் கணக்கை வைக்காத நிறுவனங்கள் மீதுதான். எம்9 பல வருடங்கள் "நம்பகமில்லாத பிஸ்டல்" என்று பெயர் வாங்கியது. ஸ்பிரிங் எப்போது மாற்றியது, பிளாக் எந்த வடிவம், எத்தனை ரவுண்டு ஓடியது என்று எந்தக் குறிப்பும் இல்லாமல் கைமாறிக்கொண்டே இருந்த பிஸ்டல்களை வைத்து ஒரு வடிவமைப்பை எடை போடுவது நியாயமில்லை. 1911-ன் புகழும் அதே மாதிரிதான். ராணுவச் சோதனையில் 6,000 ரவுண்டு சுட்டு, சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு பழுதும் வரவில்லை என்பார்கள். உண்மை. அது அன்றைக்குப் புதிதாக இருந்த ஒரு பிஸ்டலின் முதல் 6,000 ரவுண்டு. நாற்பது வருடம் பலர் கையில் இருந்த பிஸ்டலின் இன்றைய நிலையை அது சொல்லாது.

அமெரிக்காவில் லைசென்ஸோடு ரேஞ்சுக்குப் போகும் நம்மவர்கள் நிறையப் பேர் பழைய போலீஸ் பிஸ்டல்களை வாங்குகிறார்கள், விலை குறைவு என்பதால். அவற்றில் பல, உறையில் தேய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே அதிகம் சுடப்படாதவை. வாங்கிய அன்றே ரீகாயில் ஸ்பிரிங், ட்ரிக்கர் ஸ்பிரிங், மேகசின் ஸ்பிரிங் மூன்றையும் மாற்றிவிட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். ஒரு நோட்டில் வரிசை எண், தேதி, அன்று சுட்ட எண்ணிக்கை, தோட்டாவின் வகை, மாற்றிய உதிரி. மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எழுதிவையுங்கள். ஒரே மேகசினில் மட்டும் தோட்டா சிக்குகிறது என்றால் பிஸ்டலைக் கழற்றுவதற்கு முன் அந்த மேகசினை மாற்றிப் பாருங்கள்.