மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டுப் "பழகிவிடும்" என்றால் எப்படி?

யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலுள்ள வல்லை வெளியில் சோளகக் காற்று அடிக்கும் நாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். மரமோ மதிலோ மறைக்காத அந்தத் திறந்த வெளியில் காற்று பக்கவாட்டில் வந்து இடிக்கும்போது, முன்சில்லு வீதியை இறுகப் பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கை ஒன்றுதான் ஓட்டுபவனுக்குத் துணை. கடந்த வாரம் எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில்தான் போனேன். ஹாண்டில் என் கையில் இருந்தது. முன்சில்லு என் சொல் கேட்கவில்லை. பின்னால் பருத்தித்துறைப் பேருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒட்டி வர, நான் வெள்ளைக்கோட்டுக்கும் வீதியோர மணலுக்கும் இடையில் அலைந்துகொண்டிருந்தேன். இருக்கை இரண்டு அங்குலம் பதிவாக இருந்தால் நல்லது என்று நான் ஆசைப்பட்டதற்குக் கிடைத்த பலன் இது.

என் உயரம் 5 அடி 3 அங்குலம். அண்ணன் கனடாவுக்குப் போகும்போது விட்டுச் சென்ற ஹொண்டா எக்ஸ்ஆர் 250 என்னைப் போன்றவனுக்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல. அளவு நாடாவால் அளந்தால் இருக்கை நிலத்திலிருந்து 34 அங்குலத்தில் நின்றது. சத்திரச் சந்தி நெரிசலில் நிற்க நேரும்போதெல்லாம் ஒரு பக்கம் இடுப்பைச் சரித்து, ஒற்றைக் காலின் பெருவிரலால் வண்டியைத் தாங்குவேன். அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கச் சொன்னவர்கள் பலர். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மோட்டார் சைக்கிள்கள் என்ன விலைக்கு ஏறின என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அதைவிட, அண்ணன் தொலைபேசியில் அம்மாவுக்கு அடுத்ததாக அந்த வண்டியின் சுகத்தைத்தான் விசாரிக்கிறார். எந்த முகத்தோடு விற்பது?

ஆகவே வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குலுக்கலைத் தாங்குகின்ற பின் ஷொக்கின் அடியில், சில்லைத் தாங்கும் கையையும் ஷொக்கையும் இணைக்கின்ற இரண்டு சிறிய தகடுகள் இருக்கின்றன. அவற்றின் நீளத்தைக் கூட்டினால் பின்சில்லு மேலே ஏறும், இருக்கை கீழே இறங்கும். வேலையின் தத்துவத்தில் பிழை இல்லை. அதைச் செய்த விதத்தைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பழைய படலை ஒன்றிலிருந்து வெட்டியதோ என்று சந்தேகிக்கத்தக்க இரும்புப் பட்டையில், அளவு மானியால் அல்ல, சுண்ணக்கட்டியால் குறி வைத்துத் துளையிட்டார்கள். இரண்டு தகடுகளையும் கழற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பின்னர் நானே பார்த்தேன்: ஒரு துளை நேராக இருக்க, மற்றது கால் நூல் அளவுக்கு விலகி, பிறைபோல ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. இதற்கு 6,500 ரூபா வாங்கினார்கள். முன்பக்கத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "முன்னுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லைத் தம்பி, ரண்டு நாள் ஓடினால் பழகீடும்" என்றார் மெக்கானிக்.

என் குமுறல் முழுவதும் அந்தப் "பழகீடும்" என்ற சொல்லின்மேல்தான். வண்டி வீதியில் எப்படி நடந்துகொள்கிறது என்பது இரண்டு நாளில் மாறிவிடும் பழக்கவழக்கமா? அது கணக்கு. இரு சில்லுகளின் அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1400 மில்லிமீற்றர் இருக்கின்ற வண்டியில், பின்பக்கத்தை மட்டும் 50 மில்லிமீற்றர் இறக்கினால் முழு வண்டியும் 2 பாகை பின்னால் மல்லாந்துவிடும். அதனோடு சேர்ந்து, முன்சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான முன் போர்க்கும் அதே 2 பாகை கூடுதலாகச் சாயும். போர்க் திரும்புகின்ற அச்சை நிலம்வரை ஒரு கோடாக நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், ரயர் நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் இடையில் உள்ள தூரம்தான் வண்டி எவ்வளவு எளிதாகத் திரும்பும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. 21 அங்குல முன்சில்லு உள்ள வண்டியில் ஒவ்வொரு பாகைக்கும் அந்தத் தூரம் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் கூடுகிறது. தூரம் கூடக் கூட வண்டி திரும்ப மறுக்கும். போதாக்குறைக்கு, பாரமும் பின்னுக்குச் சரிந்து, முன்சில்லின்மேல் இருந்த அழுத்தம் குறைகிறது. அதனால்தான் வளைவுக்குள் நுழையும்போது ஹாண்டிலைத் தள்ளித் தள்ளிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கெஞ்சியும் வண்டி வளைவின் வெளிப்பக்கத்துக்கே ஓடுகிறது. காற்றில் முன்பக்கம் மிதப்பதற்கும் காரணம் இதுவே. இதில் நான் எதைப் பழகிக்கொள்வது?

இதற்கு மாறாக முன்பக்கத்தை மட்டும் இறக்கியிருந்தால் நிலைமை தலைகீழாகி, தொட்டாற்சிணுங்கிபோல ஹாண்டில் படபடத்திருக்கும். எனவே முன்னும் பின்னும் சேர்ந்தே இறங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அது தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தும் போர்க்கைத் தளர்த்துகின்ற அரை மணி நேர வேலையைச் சோம்பலில் விட்டிருந்தால் என்ன சொல்வது?

தொல்லை ஓட்டும்போது மட்டும் என்றில்லை, நிறுத்தினாலும் தொல்லைதான். வண்டி இறங்கிவிட்டது, சைட் ஸ்ராண்ட் இறங்கவில்லை. முன்பு இடப்பக்கம் அழகாகச் சாய்ந்து நின்ற வண்டி இப்போது விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. திருநெல்வேலிச் சந்தையடியில் கத்தரிக்காய்ப் பையை ஹாண்டிலில் கொளுவிவிட்டு இரண்டடி நகர்ந்தேன். அது வலப்பக்கமாக, மிக நிதானமாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தது. முன் பிறேக் லீவர் முறிந்தது. கத்தரிக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடைக்கார அக்கா ஆறுதல் சொன்னார்.

இரவில் வேறொரு கூத்து. மல்லாந்த வண்டியின் முன்விளக்கும் மல்லாந்துதானே பார்க்கும்? 2 பாகை என்பது 50 மீற்றர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீற்றர் உயரம். அதாவது, வீதியில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பலாலி வீதியில் ஒருவர் வண்டியை நிறுத்தி என் பரம்பரையையே விசாரித்தார். விளக்கைத் தாழ்த்துவதற்கு ஒரு திருகாணி இருக்கிறது. பணம் வாங்கியவர் அதைக்கூடத் தொடவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது பின்சில்லுதான். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக் கிடங்கில் இறங்கியபோது, ரயர் மட்கார்ட்டின் உட்பக்கத்தை உரசிச் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டதோடு ரப்பர் கருகிய மணமும் வந்தது. தகடு நீண்டால் சில்லு முன்பைவிட மேலே வரும், ஷொக் முழுவதும் அமுங்கும்போது இன்னும் மேலே வரும், அப்போது மட்கார்ட்டுக்கும் ரயருக்கும் இடையில் இடம் மிஞ்சுமா என்று ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? தகடு மாறினால் சில்லு ஷொக்கை நெம்புகின்ற விகிதமும் மாறி அதே ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்பதால், பாரம் ஏறும்போது முழுவதும் அமுங்குவதும் முன்பைவிட எளிது. வேகமாகப் போகும்போது அந்த ரயர் பிடித்து நின்றிருந்தால் என்ற நினைப்பே போதும், எனக்கு நித்திரை போய்விடும். "பொல்லாத வண்டி" என்று சொல்லி அம்மா அதற்குப் பிறகு ஏறவில்லை. உண்மையில் வண்டியின்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கடைசியில் கோண்டாவில் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தவர், "ஆர் தம்பி இதை இருத்தி வைச்சது?" என்றார். போர்க்கைப் பிடித்திருக்கும் மேல், கீழ்ப் பிடிகளைத் தளர்த்தி, குழாய்களை 30 மில்லிமீற்றர் மேலே தள்ளி இறுக்கினார். அதற்கு மேல் தள்ளினால் முன்ரயர் மட்கார்ட்டில் முட்டும் என்று கையால் அளந்து காட்டினார். ஸ்பிரிங்கைச் சிறிது இறுக்கினார், விளக்கைத் தாழ்த்தினார், சைட் ஸ்ராண்டில் ஒன்றேகால் அங்குலம் வெட்டி ஒட்டினார். வெளியே ஓட்டிப் பார்த்தேன். முழுதாகக் குணமாகவில்லை, ஆனால் திரும்பச் சொன்னால் திரும்புகிறது. "இருக்கையின் பஞ்சை ஒரு அங்குலம் செதுக்கியிருந்தால் இந்தப் பாடு எதுக்கு?" என்று அவர் கேட்டபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஏனென்றால் குஷன் கடை முதல் கராஜுக்கு நேர் எதிரே இருக்கிறது.

பழைய தகடுகளையே திரும்பப் பூட்டுவதென்று முடிவெடுத்து அவற்றைக் கேட்கப் போனேன். பழைய இரும்புக்காரன் வந்தபோது மற்றச் சாமான்களோடு போட்டுவிட்டார்களாம். இப்போது கொழும்பில் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தகடுகள் கிடைத்துவிட்டால் வண்டி மறுபடி உயரும், ஆனால் ஸ்ராண்ட் குட்டையாகிவிடும். வெட்டிய அந்த ஒன்றேகால் அங்குலத் துண்டை ஒரு கடதாசியில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.